அலுமினியத்தை இழுத்துப் பார்த்த அம்மையார்

அடுக்களையில் நாம் புழங்கும் அலுமினியப் பாத்திரம் கை தவறிக் கீழே விழுந்தால் உடைவதில்லை, நசுங்குகிறது. பீங்கான் கோப்பை விழுந்தால் நசுங்குவதில்லை, உடைகிறது. அலுமினியக் கம்பியின் இரு முனைகளையும் பிடித்து வலுவாக இழுத்தால் முதலில் நீள்கிறது, பிறகுதான் அறுகிறது. இது ஏன் இப்படி என்று கேட்பவர் நம்மில் குறைவு. உலோகத்தின் குணம் அதுதான் என்று விட்டுவிடுகிறோம். அப்படி விட்டுவிடாமல் வாழ்நாள் முழுவதும் உலோகங்களை இழுத்து இழுத்துப் பார்த்த ஓர் ஆங்கிலேயப் பெண்மணியின் வரலாற்றை இவ்வாண்டு மலரில் எழுத விரும்பினோம். அவர் பெயர் கான்ஸ்டன்ஸ் டிப்பர். பள்ளி மலர் என்றால் மேரி கியூரி அம்மையாரைப் பற்றி ஒரு கட்டுரை எப்படியும் இருக்கும். டிப்பர் அம்மையாரைப் பொறியியல் உலகம் நன்கு அறியும். பள்ளி மலர்கள்தாம் அவரை எட்டிப் பார்ப்பதில்லை.

1894-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், லண்டனுக்கு வடக்கேயுள்ள நியூ பார்னெட் என்னும் ஊரில் அவர் பிறந்தார். தந்தையார் அறுவை மருத்துவர். பிறந்த வீட்டுப் பெயர் ஈலம். சவுத்வோல்ட் என்னும் கடற்கரை ஊரில் உள்ள செயின்ட் ஃபீலிக்ஸ் பெண்கள் பள்ளியில் படித்தார். பின்னர் கேம்பிரிட்ஜில் பெண்களுக்கென 1871-இல் தொடங்கப்பட்ட நியூனம் கல்லூரியில் சேர்ந்து இயற்கை விஞ்ஞானம் பயின்றார். அந்நாளில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஒரு விந்தையான வழக்கம் இருந்தது. பெண்கள் விரிவுரைகளைக் கேட்கலாம்; தேர்வு எழுதலாம்; தேறியவர் பட்டியலில் பெயரும் வரும்; பட்டம் மட்டும் கிடையாது. ஆண்களோடு சமமாகப் பெண்களுக்கும் அங்கே பட்டம் வழங்கப்பட்டது 1948-இல்தான். ஈலம் தேர்வில் தேறியது 1915-இல். கணக்குப் போட்டுப் பார்த்தால் 33 ஆண்டுகள்!

1915 முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். இளைஞர்கள் போர்முனைக்குச் சென்றுவிட்டதால் ஆய்வுக்கூடங்களில் ஆள் இல்லை. முன்பு பெண்களுக்குத் திறக்காத கதவுகள் திறந்தன. டெடிங்டனில் உள்ள தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தில் உலோகப் பிரிவில் ஈலம் சேர்ந்தார். விரைவிலேயே லண்டன் ராயல் ஸ்கூல் ஆஃப் மைன்ஸ் என்னும் சுரங்கவியல் கல்லூரிக்கு வந்து, பேராசிரியர் ஹெரால்ட் கார்ப்பென்டரிடம் ஆய்வு உதவியாளரானார்.

அங்கே அவர்கள் எடுத்துக்கொண்ட வேலை என்ன என்பதைச் சற்று விளக்க வேண்டும். கிணற்றடியில் இருக்கும் புதுத் தகர வாளியைப் பார்த்தால் அதன் மேல் பூப்பூவாக, ஒன்றோடொன்று ஒட்டிய சில்லுகள் தெரியும். அவை துத்தநாகப் படிகங்கள். எல்லா உலோகமும் இப்படித்தான், எண்ணற்ற சிறு படிகங்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும் ஒரு கூட்டம். அலுமினியத்தில் அவை மிகச் சிறியவை, கண்ணுக்குத் தெரியா. ஒவ்வொரு படிகத்துக்குள்ளும் அணுக்கள் ஒழுங்கான வரிசையில் நிற்கின்றன. ஆனால் ஒரு படிகத்தின் வரிசை ஒரு பக்கம் பார்த்தால் பக்கத்துப் படிகத்தின் வரிசை வேறு பக்கம் பார்க்கும். இந்தக் கூட்டத்தை இழுத்தால் உள்ளே யார் யாரைத் தள்ளுகிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரே ஒரு படிகத்தை மட்டும் தனியே பிடித்து இழுத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். கையில் பிடிக்கும் அளவுக்கு ஒரே படிகம் எங்கே கிடைக்கும்?

கார்ப்பென்டரும் ஈலமும் அதை வளர்த்தே எடுத்தார்கள். அலுமினியத் துண்டை முதலில் சூடாக்கிப் பதப்படுத்தினார்கள். பிறகு மிகச் சிறிதளவு, நூற்றுக்கு இரண்டு பங்கு போல, இழுத்து நீட்டினார்கள். அதன்பின் உலையில் வைத்து, அலுமினியம் உருகும் 660 டிகிரி சென்டிகிரேடை எட்டவிடாமல், மெல்ல மெல்லச் சூட்டை ஏற்றினார்கள். இழுத்தது கூடினாலும் கெட்டுவிடும், குறைந்தாலும் கெட்டுவிடும். எல்லாம் சரியாக அமைந்தால் ஒரு படிகம் பக்கத்திலுள்ளவற்றை எல்லாம் விழுங்கி வளர்ந்து, துண்டு முழுவதும் ஒரே படிகமாகிவிடும். 1921-இல் இந்த முறையை அவர்கள் வெளியிட்டபோது விஞ்ஞானிகள் வியந்தார்கள். அந்தப் படிகங்களை இழுத்தபோது இன்னொரு வியப்பு. சாதாரண அலுமினிய உருளை இழுக்கும்போது உருளையாகவே மெலிகிறது. ஒற்றைப் படிக உருளையோ ஒரு பக்கமாகத் தட்டையாகி, நாடாவைப் போல ஆயிற்று.

இந்தச் செய்தி கேம்பிரிட்ஜில் இருந்த ஜெஃப்ரி இங்ராம் டெய்லர் என்பவரின் கவனத்தை ஈர்த்தது. காற்றும் நீரும் ஓடும் விதத்தை ஆராய்ந்து பெயர் பெற்ற கணித மேதை அவர். இருவரும் சேர்ந்து ஆராய்ந்தார்கள். படிகத்தின் மேல் நுண்ணிய கோடுகளைக் கீறி, சிறிது இழுத்து, கோடுகள் எவ்வளவு சாய்ந்தன என்று அளந்து, எக்ஸ் கதிர்களைக் கொண்டு அணு வரிசை எந்தத் திசையில் இருக்கிறது என்று கண்டு, மறுபடியும் சிறிது இழுத்து, மறுபடியும் அளந்தார்கள். கேட்கும்போதே கொட்டாவி வரும் வேலை என்று நம் தோழியர் சிலர் சொல்லக்கூடும். ஆனால் கிடைத்த முடிவைப் பாருங்கள்.

பத்து நோட்டுப் புத்தகங்களை அடுக்கி வைத்து, மேலிருந்து பக்கவாட்டில் தள்ளினால் ஒவ்வொரு நோட்டும் அடுத்ததன்மேல் சிறிது நழுவி அடுக்கே சாய்கிறது அல்லவா? எந்த நோட்டும் கிழியவில்லை, கசங்கவில்லை. அலுமினியப் படிகம் நீள்வதும் இப்படியே. அணுக்கள் மிக நெருக்கமாக அமைந்த தளங்கள் அதில் நான்கு சாய்வுகளில் உள்ளன. ஒவ்வொரு தளத்திலும் மூன்று திசைகளில் நழுவலாம். ஆக நழுவும் வழிகள் 12. இழுக்கும்போது இந்தப் பன்னிரண்டில் எதன் மேல் தள்ளும் விசை மிகுதியாக விழுகிறதோ அந்த ஒரு வழியில் மட்டுமே படிகம் நழுவுகிறது. மற்றப் பதினொன்றும் சும்மா இருக்கின்றன. நழுவ நழுவப் படிகம் மெல்லத் திரும்புகிறது. திரும்பித் திரும்பி, இன்னொரு வழிக்கும் சம பங்கு விசை வந்ததும் அதுவும் சேர்ந்துகொள்கிறது. உருளை நாடாவானது ஏன் என்பது இப்போது விளங்குகிறது.

1923-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் சிறப்புமிக்க பேக்கேரியன் விரிவுரையாக இந்த ஆய்வு அமைந்தது. அச்சில் வந்த பெயர்கள் ஜி. ஐ. டெய்லர், சி. எஃப். ஈலம். இரண்டாவது பெயர் ஒரு பெண்ணுடையது என்று அந்த எழுத்துகளைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. அந்தச் சங்கம் பெண்களை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது 1945-இல். டிப்பர் அம்மையார் கடைசிவரை அதன் உறுப்பினர் ஆகவில்லை. டெய்லர் 1919-இலிருந்தே உறுப்பினர்.

அதே 1923-இல் பிரான்சில் ஆல்பர்ட் போர்ட்வின், ஃபிரான்சுவா லெ சாட்டலியே என்னும் இருவர் அலுமினியக் கலவைகளை இழுத்து வேறொரு புதுமையைக் கண்டார்கள். (மேல் வகுப்பு வேதியியலில் வரும் லெ சாட்டலியே தத்துவத்துக்கு உரியவர் ஹென்றி லெ சாட்டலியே, அவர் வேறு, இவர் வேறு. மேல் வகுப்பு அக்காமார் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) தூய அலுமினியம் இழுக்க இழுக்க ஒரே சீராக நீள்கிறது. கலவை உலோகமோ அடம் பிடிக்கும் குழந்தையைப் போல, சற்று நிற்கும், திடீரென்று ஒரு இடத்தில் மட்டும் நெகிழும், மறுபடி நிற்கும், இன்னொரு இடத்தில் நெகிழும். விசையை வரைபடமாக வரைந்தால் கோடு ரம்பப் பல் போல ஏறி இறங்குகிறது. நெகிழ்ந்த இடம் துண்டின் குறுக்கே சாய்வான ஒரு பட்டையாகக் கண்ணுக்கே தெரிகிறது. இதைத்தான் உருமாற்றப் பட்டை என்கிறார்கள்.

காரணம் இதுதான். ஜமக்காளத்தை முழுவதுமாக இழுத்து நகர்த்துவது கடினம். ஒரு ஓரத்தில் மடிப்பை உண்டாக்கி அந்த மடிப்பைத் தள்ளிக்கொண்டே போனால் ஜமக்காளம் எளிதாக நகர்ந்துவிடும். படிகத்திலும் ஒரு தளம் முழுவதும் ஒரே நேரத்தில் நழுவுவதில்லை. அணு வரிசையில் உள்ள ஒரு பிசகு மடிப்பைப் போல ஊர்ந்து செல்கிறது. இந்த வரிசைப் பிசகு என்னும் கருத்தை 1934-இல் டெய்லரும், அவரைச் சாராமலே ஓரோவான், பொலானி ஆகிய இருவரும் வெளியிட்டார்கள். ஈலம் அளந்து கொடுத்த எண்கள் டெய்லருக்கு அந்த வழியைக் காட்டின.

இப்போது அலுமினியத்தில் சிறிது மெக்னீசியம் கலந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஊர்ந்து வரும் பிசகு ஒரு தடையில் முட்டிக் கணநேரம் நிற்கிறது. அந்த நேரத்தில் சுற்றியுள்ள மெக்னீசிய அணுக்கள் நகர்ந்து வந்து அதைப் பிடித்துக்கொள்கின்றன. பிசகு அசைய முடியவில்லை. இழுக்கும் விசை ஏறுகிறது. ஒரு கட்டத்தில் பிடி விடுபடுகிறது. விடுபடுவது ஒரு பிசகு அன்று. பள்ளி மணி அடித்ததும் வாசலை முட்டிக்கொண்டு நின்ற பிள்ளைகள் ஒருசேர ஓடுவதுபோலக் கூட்டமாக ஓடுகின்றன. அந்த இடத்தில் ஒரு பட்டை பிறக்கிறது, விசை சட்டென்று விழுகிறது. மறுபடி நிற்றல், மறுபடி பிடித்தல். வேகமாக இழுத்தால் பட்டை ஒரு முனையிலிருந்து மறு முனைக்குத் தொடர்ந்து ஊர்கிறது. சற்று மெதுவானால் தாவித் தாவிச் செல்கிறது. மிக மெதுவானால் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தோன்றுகிறது. ஆலன் காட்ரெல் என்னும் ஆங்கிலேயர் 1953-இல் இந்த விளக்கத்துக்கு அடிப்படை இட்டார். மோட்டார் கார் செய்யும் ஆலைகளுக்கு இது இன்றும் தலைவலி. மெக்னீசியம் கலந்த அலுமினியத் தகட்டை அச்சில் அழுத்தினால் பட்டைகள் வரிவரியாகத் தழும்பு விடுகின்றன. அதனால் அத்தகட்டைப் பெரும்பாலும் காரின் உட்பகுதிகளுக்கே பயன்படுத்துகிறார்கள்.

ஈலம் 1928-இல் ஜார்ஜ் டிப்பர் என்னும் புவியியல் அறிஞரை மணந்தார். இங்கே நமக்கு ஒரு மகிழ்ச்சியான செய்தி. ஜார்ஜ் டிப்பர் நம் நாட்டில், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றியவர். அந்தமான் தீவுகளின் பாறைகளைப் பற்றியும் திருவிதாங்கூர்க் கடற்கரையின் மோனசைட் மணலைப் பற்றியும் எழுதியவர். கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரைகளில் காலில் ஒட்டும் அந்தக் கறுப்பு மணலில் கலந்திருப்பதுதான் மோனசைட்.

மணமானபின் கேம்பிரிட்ஜில் குடியேறிய டிப்பர் அம்மையார் ஆய்வை விடவில்லை. நிலையான பதவி இல்லை. நியூனம் கல்லூரி தந்த ஆய்வு உதவித்தொகை இருந்தது. 1935-இல் உலோகப் படிகங்களின் உருமாற்றம் பற்றி அதுவரை தெரிந்த எல்லாவற்றையும் திரட்டி ஒரு நூல் எழுதினார். 1938-இல் இரும்பையும் எஃகையும் வெவ்வேறு வேகத்தில் இழுத்து, அவை நெகிழத் தொடங்கும் இடத்தை ஆராய்ந்தார். இழுக்கும் வேகத்தை ஒட்டி உலோகத்தின் குணமே மாறுகிறது என்னும் அறிவு சில ஆண்டுகளிலேயே உயிர் காக்கப் பயன்படும் என்று அப்போது யார் நினைத்திருப்பார்கள்!

இரண்டாம் உலகப் போரில் அட்லாண்டிக் கடலைக் கடந்து உணவும் ஆயுதமும் கொண்டுசெல்ல அமெரிக்கா அவசர அவசரமாகக் கப்பல் கட்டியது. 1941 முதல் 1945 வரை கட்டப்பட்ட லிபர்ட்டி கப்பல்கள் மட்டும் 2,710. பழைய முறையில் தகடுகளை ஆணி அறைந்து இணைப்பதற்கு நேரமில்லை. எல்லாம் பற்றவைப்பு வேலை. சில கப்பல்கள் எந்தக் குண்டும் படாமல் தாமாகவே பிளந்தன. 1943 ஜனவரி 16 அன்று ஷெனெக்டடி என்னும் புதிய எண்ணெய்க் கப்பல், அமெரிக்காவின் போர்ட்லண்ட் துறையில் அமைதியான நீரில் கட்டப்பட்டிருந்தபோதே ஏறக்குறைய இரண்டாகப் பிளந்தது. அவ்வாண்டு நவம்பரில் அலாஸ்கா பக்கத்துக் கடலில் ஜான் பி. கெய்ன்ஸ் என்னும் லிபர்ட்டி கப்பல் உடைந்து 10 பேர் மாண்டனர். பற்றவைத்தவர்கள் வேலை சரியில்லை என்று பலர் பழி சொன்னார்கள். அந்தத் துறைமுகங்களில் பற்றவைத்தவர்களில் ஏராளமானவர் பெண்கள் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறோம்.

கேம்பிரிட்ஜ் பொறியியல் துறைத் தலைவர் ஜான் பேக்கர் இந்தச் சிக்கலை ஆராய டிப்பர் அம்மையாரை அழைத்தார். அம்மையார் தாம் அறிந்த வேலையையே செய்தார்: கப்பல் எஃகை இழுத்துப் பார்த்தார். தகட்டின் இரு பக்கமும் வெட்டு ஏற்படுத்தி, வெவ்வேறு குளிர்நிலைகளில் வைத்து இழுத்தார். வெதுவெதுப்பில் அந்த எஃகு நெகிழ்ந்து, நீண்டு, நார்நாராகக் கிழிந்தது. ஒரு குறிப்பிட்ட குளிருக்குக் கீழே போனதும் அதே எஃகு நெகிழவே இல்லை. பீங்கானைப் போலப் படக்கென்று பிளந்து, முறிந்த முகம் பளபளத்தது. குற்றவாளி பற்றவைப்பு அன்று, எஃகுதான் என்று அவர் நிறுவினார். பற்றவைப்பு செய்த தீமை வேறு. ஆணி அறைந்த கப்பலில் ஒரு தகட்டில் தோன்றும் விரிசல் அதன் ஓரத்தோடு நின்றுவிடும். பற்றவைத்த கப்பல் முழுவதும் ஒரே தகடு போன்றது, ஆகவே விரிசலுக்கு நிற்க இடமில்லை. மேல்தளத்தில் சரக்கு இறக்கும் வாயில்களின் கூர்மையான மூலைகளில் விரிசல்கள் பிறந்ததும் தெரியவந்தது. அம்மூலைகள் பின்னர் வளைவாக்கப்பட்டு வலுவூட்டப்பட்டன. எஃகின் தரத்துக்கும் புதிய விதிகள் வந்தன. வெட்டிய தகட்டை இழுத்துச் சோதிக்கும் அந்த முறை டிப்பர் சோதனை என்றே பெயர் பெற்றது.

அலுமினியம் குளிரில் இப்படி மாறுவதில்லை. அதன் பன்னிரண்டு வழிகளும் எந்தக் குளிரிலும் திறந்தே இருக்கின்றன. அதனால்தான் மைனஸ் 162 டிகிரிக் குளிரில் திரவமாக்கிய எரிவாயுவைச் சுமக்கும் பெரிய கப்பல்கள் பலவற்றில் உருண்டைத் தொட்டிகளை மெக்னீசியம் கலந்த அலுமினியத்தில் செய்கிறார்கள். இழுத்தால் பட்டை பட்டையாக அடம் பிடிக்கும் அதே கலவைதான்! கார்க் கதவில் குறையாக நிற்பது கடல் நடுவில் காவலாக நிற்பதை எண்ணி நாங்கள் வியந்தோம்.

கணவர் 1947-இல் காலமானார். 1949-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அம்மையாரை இயந்திரப் பொறியியலில் ரீடர் பதவியில் அமர்த்தியது. அப்போது அவருக்கு வயது 55. பொறியியல் துறையில் முழுநேர ஆசிரியையாக இருந்த பெண் அவர் ஒருவரே. வயதானவர்கள் புதிய கருவிகளைத் தொட அஞ்சுவார்கள் என்பார்கள். இவரோ சார்லஸ் ஓட்லி என்பவரின் குழுவினர் அங்கே புதிதாகச் செய்திருந்த ஸ்கேனிங் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் முறிந்த உலோக முகங்களை வைத்துப் பார்த்தார். அவ்வாறு பார்த்தவர்களில் அவரே முதல்வர். 1960-இல் ஓய்வு பெற்று, 1962-இல் எஃகு நொறுங்கி முறியும் கதையை நூலாக எழுதினார். அதற்குப் பின்னும் கப்பல் கட்டுவோருக்கு ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தார்.

1994-இல் அவருக்கு 100 வயது நிறைந்தது. பட்டம் தராத காலத்தில் அவரைப் படிக்க வைத்த நியூனம் கல்லூரி, அதைக் கொண்டாட ஒரு செஸ்ட்நட் மரக்கன்றை நட்டது. மறு ஆண்டு, 1995 டிசம்பரில், இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள பென்ரித் என்னும் ஊரில் டிப்பர் அம்மையார் காலமானார்.